பி.ஏ. இங்கிலீஷா, வேறு டிகிரியோடு ஸ்போக்கன் இங்கிலீஷா?

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. நம் கடற்கரையில் அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். வீட்டில் வரும்படி குறைந்திருக்கிற அந்த நேரத்தில்தான் பிள்ளை அடுத்த மூன்று வருஷம் என்ன படிப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அரசு கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பமும் அதையொட்டியே திறந்து மூடிவிடும். யோசிக்கக் கிடைப்பது சில நாள்தான். அதற்குள் அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னதை வைத்துப் பாடத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன். வருஷா வருஷம் என்னிடம் வருகிற கேள்வி ஒன்றுதான். "சார், பிள்ளைய பி.ஏ. இங்கிலீஷ்ல சேர்த்தா நல்லா இங்கிலீஷ் பேசிரும்ல?" கேட்கிறவர் தங்கச்சிமடத்தில் படகு வேலைக்குப் போகிறவராக இருப்பார், அல்லது கீழக்கரையில் கணவர் துபாயில் இருக்க, தனியாகக் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவாக இருப்பார். ஆசை நியாயமானது. ஆங்கிலம் பேச வராததால் ஒரு வேலை கைநழுவிப் போனதை அவர்கள் தங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஆசைக்கும் பி.ஏ. இங்கிலீஷ் என்ற படிப்புக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. பல பிள்ளைகளுக்கு அது இரண்டாவது செமஸ்டரில்தான் தெரியவருகிறது. அப்புறம் அரியர் சேர்கிறது, மனசு விட்டுப்போகிறது.

அதனால் முதலில் நேரடிப் பதில்: பேச வராது. பி.ஏ. இங்கிலீஷ் படிப்பதால் மட்டும் யாருக்கும் ஆங்கிலம் பேச வந்துவிடாது. அது பேச்சுப் பயிற்சிக்காக ஏற்பட்ட படிப்பே இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் கலை அறிவியல் கல்லூரிகளில் எந்த டிகிரி எடுத்தாலும் பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் பொது ஆங்கிலமும் உண்டு. இலக்கணம், கடிதம், சின்னச் சின்ன உரைநடை என்று மொழியைப் பழக்குகிற தாள் அதுதான். கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளையும் அதை எழுதுகிறது, இங்கிலீஷ் மேஜர் எடுத்த பிள்ளையும் அதையே எழுதுகிறது. மேஜர் என்பது பகுதி மூன்று. அங்கே பாடம் வேறு. சாசரின் 14ஆம் நூற்றாண்டுக் கவிதையில் தொடங்கி ஷேக்ஸ்பியர், மில்டன், வேர்ட்ஸ்வொர்த், டிக்கன்ஸ் என்று நீளும் பிரிட்டிஷ் இலக்கியம், அமெரிக்க இலக்கியம், இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதியவை, இலக்கியத் திறனாய்வு, ஒலியியல், துணைப்பாடமாக இங்கிலாந்தின் சமூக வரலாறு. ஷேக்ஸ்பியருக்குப் பெரும்பாலும் தனித் தாளே இருக்கும். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் எப்படி ஆங்கிலத்துக்குள் கூட்டமாக வந்தன என்று படிக்க வேண்டும். 1798இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து போட்ட கவிதைத் தொகுப்பு எதை உடைத்தது என்று எழுத வேண்டும். இதில் எதுவும் துபாய் நேர்காணலில் கேட்கப்படுவதில்லை.

அப்படியானால் இந்தப் படிப்பு எதற்கு? இதைப் பாடத்திட்டத்தை அடுக்கிச் சொல்ல முடியாது. ஒரு வகுப்பில் என்ன நடக்கிறது என்று காட்டினால்தான் புரியும்.

ஜே. எம். சிங் என்ற ஐரிஷ் எழுத்தாளரின் 'ரைடர்ஸ் டு தி சீ' என்ற ஓரங்க நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1904இல் டப்ளினில் முதலில் மேடையேறியது. அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஒரு தீவில், மௌர்யா என்ற கிழவியின் குடிசையில் நடக்கிற கதை. கணவன், மாமனார், பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகக் கடலுக்குக் கொடுத்தவள். மைக்கேல் என்ற மகனைக் காணோம். எங்கோ வடக்கே கரை ஒதுங்கிய ஓர் உடலிலிருந்து எடுத்த சட்டையும் ஒற்றைக் காலுறையும் வீட்டுக்கு வருகின்றன. தங்கை காலுறையின் தையலை எண்ணிப் பார்க்கிறாள். அறுபது தையல் போட்டு அதில் நான்கை விட்டுவிட்டுப் பின்னியவள் அவளேதான். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. அண்ணன் இறந்தது அப்படித்தான் உறுதியாகிறது. கடைசியாக மிஞ்சிய மகன் பார்ட்லியும் அன்றே போய்விடுகிறான். மைக்கேலின் சவப்பெட்டிக்காக வாங்கி வைத்த பலகை இவனுக்குப் பயன்படுகிறது. ஆனால் ஆணி வாங்க மறந்துவிட்டார்கள்.

கைடில் இந்தக் கதை ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். கீழே 'ஒரு துன்பியல் நாடகமாக விளக்குக' என்ற கேள்விக்கு ஆறு பாயின்ட் இருக்கும். அதை மனப்பாடம் செய்தால் பாஸ் மார்க் வரும். ஆனால் பாடம் தொடங்குவதே அந்த ஆணியில்தான். இத்தனை சவப்பெட்டி பார்த்த கிழவி ஆணியை ஏன் மறந்தாள்? அந்த இடத்தில் ஒருவர் அதை ஆச்சரியமாகச் சொல்லிக்காட்டவும் செய்கிறார். எழுதியவர் அதை ஏன் வைத்தார்? அவளுக்கு வயதாகிவிட்டது என்று ஒரு பிள்ளை சொல்லும். இன்னொரு பெட்டி தேவைப்படும் என்று ஒத்துக்கொள்ள அவள் மனசு விடவில்லை என்று இன்னொரு பிள்ளை சொல்லும். உடனே ஆசிரியர், 'அதற்கு நாடகத்தில் எந்த வரி ஆதாரம்?' என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் பக்கத்தைப் புரட்ட வேண்டும். ஆங்கில இலக்கியப் படிப்பின் மையமான வேலை இதுதான். ஒரு வரியைப் பார்ப்பது, ஏன் இப்படி என்று கேட்பது, தோன்றியதைச் சொல்வது, சொன்னதற்குப் புத்தகத்துக்குள்ளிருந்தே சான்று காட்டுவது. மூன்று வருஷமும் வேறு வேறு நூல்களில் இதே வேலைதான் நடக்கும். நடந்தால், பிள்ளைக்கு வாதம் செய்யவும் கோவையாக எழுதவும் வந்துவிடும்.

பாம்பனிலும் மண்டபத்திலும் வளர்ந்த பிள்ளைக்கு இந்த நாடகத்தில் யாரும் அருஞ்சொற்பொருள் சொல்ல வேண்டியதில்லை. கரையில் காத்திருப்பது என்றால் என்ன என்று அதற்குத் தெரியும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கும். சென்னையில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு இல்லாத ஒரு பிடி இந்தப் பிள்ளைக்கு இருக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்ததால் பி.ஏ. இங்கிலீஷ் நமக்கு ஆகாது என்று ஒதுங்குகிறவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் வருஷம் கஷ்டமாகத்தான் இருக்கும். அகராதியை விடாமல் கையில் வைத்திருக்க வேண்டும். ஆனால் படிப்பைத் தாங்கப்போவது வாசிக்கிற பழக்கம்தான். தமிழில் கதை படிக்கிற பிள்ளை ஆங்கிலத்திலும் படித்துவிடும். எதுவுமே படிக்காமல் சரளமாக ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகள் இந்த மேஜரில் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நாடகத்தின் ஆங்கிலத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. அது லண்டன் ஆங்கிலம் இல்லை. ஐரிஷ் மொழி பேசுகிற தீவு மக்களின் வாக்கியப் போக்கை அப்படியே ஆங்கிலச் சொற்களில் கொண்டுவந்தார் சிங். ஆங்கிலம் என்பது ஒரே மாதிரியான ஒன்றில்லை என்று பிள்ளை அங்கே கண்ணால் பார்க்கிறது. தன் ஆங்கிலத்தைப் பற்றிய கூச்சம் அதில் கொஞ்சம் கரைகிறது.

மொழியியல் பக்கமும் இப்படித்தான். ஒலியியல் தாள் என்றாலே பயப்படுவார்கள். நம் ஊர்ப் பெயரிலேயே அதைத் தொடங்கலாம். 'பாம்பன்' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வருகிற ப வேறு ஒலி, ம் என்ற எழுத்துக்குப் பின்னால் வருகிற ப வேறு ஒலி. இரண்டாவதில் தொண்டை அதிர்கிறது. தமிழில் இடத்தைப் பார்த்தே அந்த வித்தியாசம் தெரிந்துவிடுவதால் நமக்கு ஒரே எழுத்து போதும். ஆங்கிலத்தில் அந்த வித்தியாசம் சொல்லையே மாற்றிவிடும். முதுகுக்கும் மூட்டை கட்டுவதற்கும் உள்ள ஆங்கிலச் சொற்களை (back, pack) நாம் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேக்'தான், அவர்களுக்கு இரண்டும் தனித்தனி. எழுத்து 26தான் என்றாலும், பாடநூல்கள் எடுத்துக்கொள்கிற பிரிட்டிஷ் உச்சரிப்பில் 20 உயிரொலியும் 24 மெய்யொலியும் உண்டு. அவற்றை ஒலிக்குறிகளில் எழுதப் பழக வேண்டும். உச்சரிப்பு திருந்துவதற்கும் இது உதவும், ஆனால் அதற்காக வைத்த பாடம் இல்லை. மொழி எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்வதற்கான பாடம்.

மூன்றாம் வருஷம் போனால், இதையெல்லாம் நாம் ஏன் படிக்கிறோம் என்ற கேள்வியே பாடமாகிவிடும். இந்தியர்களுக்கு ஆங்கிலக் கல்விதான் வேண்டும் என்று 1835இல் மெக்காலே எழுதிய குறிப்பு, அதைத் தொடர்ந்து வந்த ஆங்கிலக் கல்வி, அதில் இலக்கியம் வகித்த இடம். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலத்துக்கென்று தனிப் பாடப்பிரிவு வந்தது 1894இல்தான். அதற்குப் பல பத்தாண்டு முன்பே இந்தியாவில் ஷேக்ஸ்பியரும் மில்டனும் பாடமாகிவிட்டார்கள். நைஜீரியாவின் சினுவா அச்சிபி 1958இல் வெளியிட்ட முதல் நாவல் காலனியத்தைக் காலனியத்தின் மொழியிலேயே எப்படி எதிர்கொண்டது என்று படிக்கும்போது, நம் பிள்ளை தன்னைப் பற்றியே யோசிக்கத் தொடங்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. இதற்குக் காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிற வழி பி.காம்., பி.எஸ்சி., பி.சி.ஏ. என்று ஏதோ ஒன்றை மேஜராக எடுத்து, பேச்சு ஆங்கிலத்தைத் தனியாகப் பழகுவது. தேவை பேச்சுதான் என்றால் இந்த வழியே மேல் என்று தயங்காமல் சொல்வேன். பேச்சு வருவது பேசுவதால்தான். தினமும் அரை மணி நேரம் திருத்திச் சொல்கிற ஒருவரோடு பேசினால், ஆறு மாதம் ஒரு வருஷத்தில் கணிசமான மாற்றம் தெரியும். ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருக்கிற இலக்கிய வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு நாளில் எத்தனை நிமிஷம் வாய் திறக்க முடியும்? வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்விலும் கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்ற நான்கு திறன்தான் அளக்கப்படும். மதிப்பெண் இரண்டு வருஷம் செல்லும். வங்கித் தேர்வின் ஆங்கிலப் பகுதிக்கு எந்த டிகிரியும் போதும், அங்கே ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும் வேகம்தான் முக்கியம். வளைகுடாவில் கணக்கு வேலைக்குப் போக நினைக்கிற பையனுக்கு பி.காம். தருகிற பலத்தை ஷேக்ஸ்பியர் தர மாட்டார்.

ஆனால் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பிலும் ஏமாறுகிற இடம் உண்டு. முப்பது நாளில் சரளம் என்று போர்டு வைத்திருப்பார்கள். உள்ளே போனால் இலக்கண விதிகளைப் போர்டில் எழுதிக் காப்பி செய்யச் சொல்வார்கள். வகுப்பு நேரத்தில் பாதிக்கு மேல் பேசுவது ஆசிரியரா, பிள்ளைகளா என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வேலை விஷயத்துக்கு வருவோம். பி.ஏ. இங்கிலீஷின் முக்கியமான பாதை ஆசிரியர் வேலை. அது நீளமான பாதை. பி.ஏ. மூன்று வருஷம், பி.எட். இரண்டு வருஷம், அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வு. மேல்நிலை வகுப்புக்கு எடுக்க வேண்டுமென்றால் நடுவில் எம்.ஏ. இரண்டு வருஷம், ஆக மொத்தம் ஏழு. அப்புறம் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. அறிவிப்பு நினைத்த வருஷத்தில் வராது. கல்லூரியில் சொல்லிக்கொடுக்க, தேசிய அளவிலான நெட் அல்லது மாநில அளவிலான செட் என்ற தகுதித் தேர்வு வேண்டும். நெட்டில் இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி உங்கள் பாடத்திலிருந்து வரும். கைடை மட்டும் படித்தவர்கள் பெரும்பாலும் அங்கேதான் தடுமாறுகிறார்கள். தனியார் பள்ளியில் வேலை சீக்கிரம் கிடைக்கும், ஆனால் ஆரம்பச் சம்பளம் குடும்பத்தைத் தாங்கும் அளவுக்கு இருக்காது. மொழிபெயர்ப்பு, பதிப்பகம், இணையத்துக்கு எழுதுவது, வசன வரி போடுவது போன்ற வேலைகள் இருக்கின்றன. அவற்றுக்கு டிகிரியைவிட, நீங்கள் எழுதிக் காட்டுகிற இரண்டு பக்கம்தான் பேசும். டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கப்போகிறேன் என்கிறவர்கள் எந்த டிகிரியும் எடுக்கலாம். அதற்காக இங்கிலீஷ் மேஜருக்கு வர வேண்டாம்.

தடைக்காலத்துக்கு அரசு தருகிற நிவாரணத்தை எண்ணி நாளை ஓட்டுகிற வீட்டில், மூன்றே வருஷத்தில் பிள்ளை சம்பாதித்துத்தான் ஆக வேண்டும் என்றால் நான் பி.காம். பக்கம்தான் கை காட்டுவேன். ஏழு வருஷம் படிக்க வைக்க முடியும், பிள்ளைக்குப் படிப்பதில் பசி இருக்கிறது என்றால் மறுபேச்சில்லாமல் பி.ஏ. இங்கிலீஷ்.

மூன்றாவது ஒரு வழியை யாரும் யோசிப்பதில்லை. இலக்கியம்தான் பிடிக்கும், ஆங்கிலத்தோடு மல்லுக்கட்ட மனசில்லை என்கிற பிள்ளைக்கு பி.ஏ. தமிழ். அது சுலபமான படிப்பு என்று நினைக்க வேண்டாம், தொல்காப்பியமும் நன்னூலும் யாப்பும் இருக்கின்றன. ஆனால் நெய்தல் திணைப் பாட்டைக் கடற்கரையில் வளர்ந்த பிள்ளை படிக்கிற சுகம் தனி. பின்னால் இரண்டு மொழியும் சேருகிற இடமும் உண்டு. கவிஞரும் மொழிபெயர்ப்பாளருமான ஏ. கே. ராமானுஜன் மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்தவர். குறுந்தொகைப் பாடல்களை அவர் ஆங்கிலத்தில் தந்த தொகுப்பு 1967இல் வந்தது. அதன் வழியாகத்தான் உலகத்தில் பலருக்கு நம் திணை என்ற கருத்தே அறிமுகமானது.

எங்கே படிப்பது? ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, கீழக்கரையில் பெண்களுக்கு தாசிம் பீவி அப்துல் காதர் கல்லூரி என்று பக்கத்திலேயே இருக்கின்றன. மாவட்டத்துக் கல்லூரிகள் பெரும்பாலும் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை, பாடத்திட்டத்தை இணையத்திலேயே பார்க்கலாம். அரசுக் கல்லூரியில் கட்டணச் சுமை குறைவு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் போய்வர ஒரு நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பஸ்ஸில் கழிகிற அந்த நேரத்தையும் கணக்கில் வையுங்கள். நாவலைப் படிக்க நேரம் வேண்டிய படிப்பு இது. மதுரையில் 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, 1948இல் தொடங்கிய லேடி டோக் போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. நூலகம் பெரிது, சுற்றிலும் ஆங்கிலம் காதில் விழும். ஆனால் விடுதிச் செலவு இருக்கிறது.

கல்லூரியின் பெயரைவிட நான் விசாரிக்கச் சொல்வது வேறு. அங்கே படிக்கிற சீனியர் பிள்ளையிடம், 'வகுப்பில் மூல நூலைக் கையில் வைத்துப் படிக்கிறீர்களா, நோட்ஸ் எழுதிப் போடுகிறார்களா?' என்று கேளுங்கள். நோட்ஸ் மட்டும்தான் என்றால் மதுரையாக இருந்தாலும் பயனில்லை. மூல நூலைப் பிரிக்கிற ஒரே ஓர் ஆசிரியர் இருந்தால் பக்கத்து ஊர்க் கல்லூரியே போதும்.

பிள்ளைக்கு இந்தப் படிப்பு சரிப்படுமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தில் படித்த டென்னிசனின் 'யுலிசஸ்' கவிதையை, கைடு இல்லாமல், அகராதியோடு மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். பரீட்சை முடிந்துவிட்டது, மார்க் கிடையாது. ஊர் திரும்பி ராஜாவாக உட்கார்ந்துவிட்ட கிழவன் ஏன் மறுபடி கடலுக்குப் போகத் துடிக்கிறான், மனைவியையும் மகனையும் விட்டுப் போவது சரியா என்று கேளுங்கள். தமிழிலேயே பதில் சொல்லட்டும். சொல்லத் தொடங்கி நிறுத்தாமல் பேசுகிற பிள்ளையை பி.ஏ. இங்கிலீஷில் சேருங்கள். இரண்டாம் வரியிலேயே புத்தகத்தை மூடுகிற பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். அதற்கு வேறு மேஜர், கூடவே பேச்சுப் பயிற்சி.

இப்போது பி.காம். எடுத்துவிட்டுப் பிறகு இலக்கியத்துக்கு வரலாமா என்றும் கேட்கிறார்கள். வரலாம். இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எந்த டிகிரி முடித்தவரும் எம்.ஏ. இங்கிலீஷ் சேரலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் ஆசிரியர் வேலைதான் குறி என்றால் இந்தச் சுற்றுவழி ஆபத்து. இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமா என்று பார்க்கிற இடத்தில் சிக்கல் வரும். அப்படிப்பட்டவர்கள் விண்ணப்பத்திலேயே முதல் விருப்பமாக பி.ஏ. இங்கிலீஷைப் போட்டுவிடுவது நல்லது.